தண்ணீர் மோட்டார் ஏன் ஷாக் அடிக்கிறது? எர்த், டிரிப்பர், ஆர்சிசிபி பற்றி ஓர் ஆரம்பப் பாடம்

வடசென்னையில் வண்ணாரப்பேட்டை, ராயபுரம், வியாசர்பாடி பக்கத்துப் பழைய வீடுகளில் தண்ணீர் மோட்டார் எங்கே இருக்கும் என்று கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். தெருவாசலை ஒட்டி சம்ப். சம்ப் மூடிக்குப் பக்கத்தில் அடி பம்பு. அதற்கும் சுவருக்கும் நடுவில், இரண்டு செங்கல் மேல், ஒரு அரை எச்பி மோட்டார். பாத்திரம் விளக்குவது, துணி அலசுவது, வெளியே போய் வந்து கால் கழுவுவது எல்லாம் அந்த ஆறடி இடத்தில்தான். தரை காய்ந்திருக்கும் நேரமே குறைவு. புதிதாகக் குடிவருபவர்களுக்கு வீட்டுக்காரம்மா முதல் நாளே சொல்லிவிடுவார்: "மோட்டாரு லேசா ஷாக் அடிக்கும், செருப்பு போட்டுக்கினு தொடுங்க."

அக்கறையோடு சொல்வதுதான். ஆனால் லேசாக ஷாக் அடிக்கும் மோட்டார் என்று உலகத்தில் ஒன்று கிடையாது. மோட்டாரின் இரும்பு உடம்பில் 230 வோல்ட்டோ, அதற்குச் சற்றுக் குறைவாகவோ வந்து நிற்கிறது. தொட்டவரின் கால் அன்றைக்குக் காய்ந்திருந்தது, செருப்பும் இருந்தது. அதனால் உடம்பு வழியாகக் கொஞ்சம்தான் பாய்ந்தது. அடி லேசாக இருக்குமா, ஆளை முடிக்குமா என்பதைத் தொடுகிறவரின் காலில் உள்ள ஈரம்தான் தீர்மானிக்கிறது.

இதைச் சரிசெய்ய என்ன வேண்டும் என்று கேட்டால் பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்வார்கள். ஒருவர் எர்த் போடு என்பார், இன்னொருவர் டிரிப்பர் மாற்று என்பார். மூன்றாமவர் மோட்டாரையே மாற்றச் சொல்வார். ஒவ்வொன்றும் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்துவிட்டால் யார் சொல்வது சரி என்று நீங்களே சொல்லிவிடலாம்.

முதலில் சில எண்கள்

உடம்பு வழியாக எவ்வளவு கரண்ட் பாய்கிறது என்பதை மில்லி ஆம்பியரில் அளப்பார்கள். ஆயிரம் மில்லி ஆம்பியர் சேர்ந்தால் ஓர் ஆம்பியர். 1 மில்லி ஆம்பியர் பாய்ந்தால் சுருக்கென்று தெரியும். 10 மில்லி ஆம்பியரைத் தாண்டும்போது கைத்தசை இறுகிக்கொள்ளும். பிடித்ததை விட முடியாது. "கரண்ட் இழுத்துப் பிடிச்சுக்கிச்சு" என்று சொல்வது இதைத்தான். கரண்ட் யாரையும் இழுப்பதில்லை, நம் தசைதான் விட மறுக்கிறது. 30 மில்லி ஆம்பியருக்கு மேல் சிறிது நேரம் தொடர்ந்தால் மூச்சுக்கும் இதயத்துக்கும் ஆபத்து. 50, 100 என்று போனால் இதயம் ஒழுங்காகத் துடிப்பதை விட்டுவிட்டு வெறுமனே நடுங்க ஆரம்பிக்கும்.

வீட்டில் எரியும் 9 வாட்ஸ் எல்இடி பல்பே குறைந்தது 40 மில்லி ஆம்பியர் எடுக்கிறது. ஒரு குட்டி பல்பு எரியும் அளவு கரண்ட், ஓர் ஆளைச் சாய்க்கப் போதும்.

இப்போது கணக்குப் பார்ப்போம். ஈரக் கையும் ஈரக் காலுமாக நிற்பவரின் உடம்பு மின்சாரத்துக்குக் காட்டும் தடை சுமார் 1000 ஓம். 230-ஐ 1000-ஆல் வகுத்தால் 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர். அதே ஆள் காய்ந்த தரையில் ரப்பர் செருப்போடு நின்றால் தடை நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு கூடிவிடும். சுருக் என்பதோடு போய்விடும். வீட்டுக்காரம்மாவின் "லேசா" அந்தச் செருப்புக் கணக்குதான். பாத்திரம் விளக்கிக்கொண்டே ஈரக்கையால் மோட்டாரைத் தள்ளி வைப்பவர் முதல் கணக்கில் இருக்கிறார்.

மோட்டார் உடம்புக்குக் கரண்ட் எப்படி வருகிறது?

மோட்டாருக்குள் இருக்கும் செம்புக் காயிலுக்கு மேலே மெல்லிய எனாமல் பூச்சு இருக்கும். அந்தப் பூச்சும், காயிலுக்கும் இரும்புக்கும் நடுவில் செருகியிருக்கும் காகிதமும்தான் பேஸ் கரண்ட்டை வெளியே விடாமல் வைத்திருக்கின்றன. பம்ப் பக்கத்து சீல் தேய்ந்து தண்ணீர் உள்ளே இறங்கினால் அந்தக் காப்பு கெட்டுப்போகும். டெர்மினல் பெட்டி மூடியில் ஸ்க்ரூ இல்லாமல் மழைச்சாரல் அடித்தாலும், ஒயர் நுழையும் ஓட்டையில் ரப்பர் இல்லாமல் ஒயர் தோல் உரசிக் கிழிந்தாலும் கதை அதேதான். காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் என்றால் உப்புக் காற்று வேறு. அது எதையும் சும்மா விடாது.

இதில் ஒரு சிக்கல், காப்பு கெட்ட மோட்டார் நன்றாகவே ஓடும். தண்ணீர் மேலே ஏறும், சத்தம் வராது. மோட்டார் நின்றுபோனால் அரை மணியில் மெக்கானிக் வந்துவிடுவார். ஷாக் அடித்தால் மட்டும் வருஷக்கணக்கில் செருப்பை வைத்தே சமாளிப்போம்.

டிரிப்பர் யாரைக் காப்பாற்றுகிறது?

மெயின் போர்டில் வரிசையாக இருக்கும் எம்சிபியை நாம் டிரிப்பர் என்கிறோம். பழைய ஃபியூஸ் கேரியருக்குப் பதிலாக வந்தது. "அதான் டிரிப்பர் இருக்கே, ஷாக் அடிச்சா விழுந்துடும்" என்று பலர் நம்புகிறார்கள். விழாது.

ஒரு எச்பி என்பது 746 வாட்ஸ். அது மோட்டார் தண்டு வெளியே தரும் வேலையின் அளவு. உள்ளே எடுப்பது அதைவிடக் கூடுதல், சுமார் 1100 வாட்ஸ். ஓடும்போது ஐந்தாறு ஆம்பியர் எடுக்கும், ஸ்டார்ட் ஆகும் நொடியில் அதைப்போல ஐந்து மடங்குகூட இழுக்கும். அதனால் மோட்டாருக்குச் சி டைப் எம்சிபி போடுவார்கள். அதன் மேல் எழுதியிருக்கும் ஆம்பியரைப் போல ஐந்திலிருந்து பத்து மடங்கு வந்தால்தான் அது சட்டென்று விழும். 16 ஆம்பியர் சி டைப் என்றால் 80-லிருந்து 160 ஆம்பியர். பி டைப் போட்டால் மூன்று மடங்கிலேயே விழ ஆரம்பிக்கும், மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது விழுந்து தொல்லை தரலாம்.

ஓர் ஆளைக் கொல்லப் போதுமான 0.23 ஆம்பியர் இந்த எம்சிபியின் கண்ணுக்கே தெரியாது. அது சுவருக்குள் ஓடும் ஒயர் எரிந்துவிடாமல் காப்பாற்ற வைத்த கருவி. மனிதரைக் காப்பாற்றுவது அதன் வேலையில்லை, அதைச் செய்யவில்லை என்று குறை சொல்லவும் முடியாது.

எர்த் மட்டும் போதுமா?

பெரும்பாலான வீடுகளுக்கு ஈபி தருவது கரண்ட் வரும் பேஸும், அது திரும்பிப் போகும் நியூட்ரலும்தான். எர்த்தை வீட்டுக்காரர்தான் குழி தோண்டி அமைக்க வேண்டும். பிளக்கின் மூன்றாவது, தடித்த, நீளமான பின் அந்தக் குழிக்குப் போகும் பச்சை ஒயரோடு சேர்கிறது. நீளமாக வைத்ததற்குக் காரணம் உண்டு: செருகும்போது எர்த் முதலில் சேர வேண்டும், உருவும்போது கடைசியில் பிரிய வேண்டும்.

மோட்டார் உடம்பில் பேஸ் பட்டுவிட்டால் கரண்ட் எர்த் ஒயர் வழியே மண்ணுக்குள் ஓடும், அதிகமாக ஓடுவதால் டிரிப்பர் விழும். எலக்ட்ரீஷியன்கள் பொதுவாகச் சொல்லும் விளக்கம் இது. பாதி சரி. கணக்குப் போட்டால் மீதிப் பாதி தெரியும்.

நல்ல எர்த் குழியின் தடை 5 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 230-ஐ 5-ஆல் வகுத்தால் 46 ஆம்பியர். 16 ஆம்பியர் சி டைப் சட்டென்று விழ 80 வேண்டும். 46 வந்தால் உள்ளே இருக்கும் தகடு சூடாகி மெதுவாக விழும். பல வினாடி ஆகலாம், அரை நிமிடம்கூட ஆகலாம். அதுவரை மோட்டார் உடம்பு உயிரோடுதான் இருக்கிறது.

குழி பழசாகித் தடை 20 ஓம் ஆகிவிட்டது என்று வையுங்கள். 11.5 ஆம்பியர்தான் ஓடும். 16 ஆம்பியர் டிரிப்பருக்கு இது சாதாரண லோடு மாதிரி. விழவே விழாது. மோட்டார் உடம்பில் 200 வோல்ட்டுக்கு மேல் நிலையாக நிற்கும், எர்த் பைப் மண்ணுக்குள் சூடாகிக்கொண்டிருக்கும், மீட்டர் ஓடிக்கொண்டிருக்கும். எர்த் போட்டும் ஷாக் அடிக்கிறதே என்று புலம்பும் வீடுகளில் பெரும்பாலும் நடப்பது இதுதான்.

வடசென்னை மண் எர்த்துக்கு ஒரு வகையில் நல்லது, இன்னொரு வகையில் கெட்டது. கடலோரம் ஈரமும் உப்பும் இருப்பதால் மண்ணின் தடை குறைவு. வெளியூர்களில் கரியும் உப்பும் கொட்டித் தண்ணீர் ஊற்றிக் கஷ்டப்பட்டுக் கொண்டுவரும் நிலை இங்கே இயல்பாகவே கிடைக்கும். ஆனால் அதே உப்பு எர்த்துக்கு இறக்கும் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பைத் தின்றுவிடும். இரண்டரை மீட்டர் பைப் இறக்கி, மேலே கிளாம்ப் போட்டு ஒயரை முறுக்கி, அப்புறம் டைல்ஸ் ஒட்டி மூடிவிட்டார்கள் என்றால் அந்தக் கிளாம்ப் துருப்பிடித்து விட்டுப்போனது யாருக்கும் தெரியாது. "எர்த் குழி எங்கே இருக்கு?" என்று வீட்டுக்காரரைக் கேட்டுப் பாருங்கள். இடத்தைக் காட்டத் தெரியாதவர் வீட்டில் எர்த் இருக்கிறது என்று நம்ப வேண்டாம். புதிதாகப் போடுவதாக இருந்தால் செம்பு பூசிய ராடும், திறந்து பார்க்க மூடியுள்ள ஒரு சின்னத் தொட்டியும் இந்தப் பக்கத்துக்கு ஏற்றவை.

ஆர்சிசிபி: போனதும் வந்ததும்

இனி முக்கியமான ஆள். ஆர்சிசிபி என்பது போர்டில் எம்சிபி மாதிரியே, கொஞ்சம் அகலமாக, ஒரு சின்ன டெஸ்ட் பட்டனோடு இருக்கும். இதையே ஆர்சிடி என்றும் சொல்வார்கள். தமிழ்நாட்டு மின் விநியோக விதிகள் வீடுகளுக்கும் இதைக் கேட்கின்றன. பழைய வீடுகளில் பலவற்றில் இன்னும் இல்லை.

கல்யாணத்துக்குப் பாத்திரம் வாடகைக்கு விடுபவர் எண்ணிக் கொடுப்பார், திரும்பி வரும்போது எண்ணி வாங்குவார். நடுவில் யார் சமைத்தார், எத்தனை பேர் சாப்பிட்டார் என்பது அவர் கவலை இல்லை, ஒரு கரண்டி குறைந்தால் மட்டும் சண்டைக்கு வருவார். ஆர்சிசிபி அந்த ஆள். உள்ளே ஒரு வளையம் இருக்கிறது. பேஸ் ஒயரும் நியூட்ரல் ஒயரும் அதன் நடுவே போகின்றன. பேஸ் வழியாக 6 ஆம்பியர் போனால் நியூட்ரல் வழியாக அதே 6 திரும்பி வர வேண்டும். இரண்டும் எதிரெதிர்த் திசை என்பதால் வளையத்தில் ஒன்றையொன்று அடித்துவிடும். மோட்டார் உடம்பு வழியாகவோ உங்கள் உடம்பு வழியாகவோ கொஞ்சம் மண்ணுக்குப் போய்விட்டால் கணக்கு இடிக்கும். அந்த வித்தியாசம் வளையத்தில் ஒரு சின்னத் தூண்டலை உண்டாக்கி, கொக்கியைத் தட்டிவிடும்.

வீட்டுக்கு வேண்டியது 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. 15-க்கும் 30-க்கும் நடுவில் எங்கேயாவது அது விழ வேண்டும். 30 வந்தால் 0.3 வினாடிக்குள், 150 வந்தால் 0.04 வினாடிக்குள் விழ வேண்டும் என்பது தர விதி. 0.04 வினாடி என்பது ஒரு தடவை இதயம் துடிக்கும் நேரத்தில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு. ஷாக் தெரியும், உதறிவிடும், ஆள் பிழைப்பார்.

கடையில் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். 100 மில்லி ஆம்பியர், 300 மில்லி ஆம்பியர் என்றும் உண்டு. பார்க்க ஒரே மாதிரி இருக்கும். அவை ஒயர் கசிவால் தீப்பிடிக்காமல் பார்த்துக்கொள்ள வைப்பவை; ஆளைக் காப்பாற்றாது. முன்பு நிறைய வீடுகளில் 100 போட்டிருக்கிறார்கள். உங்கள் போர்டில் டார்ச் அடித்து எழுத்தைப் படித்துவிடுங்கள்.

இப்போது அந்த 20 ஓம் துருப்பிடித்த எர்த்துக்குத் திரும்புவோம். எம்சிபியால் பார்க்க முடியாத 11.5 ஆம்பியர், ஆர்சிசிபிக்கு மலை மாதிரி. காப்பு கெட்ட அந்த நொடியே, யாரும் தொடுவதற்கு முன்னாலேயே, போர்டில் டப்பென்று விழுந்துவிடும். எர்த் இன்னும் மோசமாகி 200 ஓம் ஆனாலும் ஓர் ஆம்பியருக்கு மேல் போகும், அப்போதும் விழும். எம்சிபியோடு சேர்ந்தால் உதவாத எர்த், ஆர்சிசிபியோடு சேர்ந்தால் உதவுகிறது.

சரி, ஆர்சிசிபி இருக்கிறது, எர்த்தே வேண்டாமா? வேண்டும். எர்த் ஒயர் இல்லாத மோட்டாரில் கசிவு வந்தால் மண்ணுக்குப் போக வழி கிடையாது. கணக்கு இடிக்காது. யாராவது வந்து தொடும்வரை கருவி காத்திருக்கும். முதலில் தொடுபவரின் உடம்புதான் எர்த் ஒயர். அவர் பெரும்பாலும் பிழைப்பார். ஆனாலும் அந்த உதறலில் சம்ப் விளிம்பில் நிற்பவர் உள்ளே விழுந்தால் என்ன செய்வது?

ஆர்சிசிபியால் முடியாதவையும் உண்டு. பேஸை ஒரு கையிலும் நியூட்ரலை மறு கையிலும் பிடித்தால் போனது அப்படியே திரும்பி வருகிறது. அதற்கு நீங்களும் ஒரு பல்புதான். ஓவர்லோடு, ஷார்ட் சர்க்யூட் இரண்டையும் அது பார்க்காது. அதனால் எம்சிபியும் கூடவே வேண்டும். இரண்டு வேலையையும் ஒரே பெட்டியில் செய்யும் ஆர்சிபிஓ என்றொரு கருவி உண்டு. மோட்டாருக்கு மட்டும் தனியாக ஒரு ஆர்சிபிஓ வைப்பது என் பார்வையில் நல்ல செலவு. மோட்டார் கசிந்தால் மோட்டார் மட்டும் நிற்கும், வீடு இருட்டாகாது.

மாதம் ஒருமுறை டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். வருஷக்கணக்கில் அசையாமல் இருந்தால் உள்ளே கொக்கி ஒட்டிக்கொள்ளும். பட்டன் அழுத்தி விழுந்தால் கருவி வேலை செய்கிறது என்று அர்த்தம். எர்த் இருக்கிறது என்று அர்த்தமில்லை. எர்த்தே இல்லாத வீட்டிலும் அந்தப் பட்டன் வேலை செய்யும்.

"அடிக்கடி விழுது, கழட்டிடலாமா?"

இதற்காகவே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஆர்சிசிபியை பைபாஸ் செய்யச் சொல்லும் வீடுகள் நிறைய. அவரும் செய்துவிட்டுப் போகிறார். எனக்கு இதில்தான் கோபம் வரும். விழுகிற ஆர்சிசிபி பத்தில் ஒன்பது தடவை உண்மையைத்தான் சொல்கிறது.

மோட்டார் போட்டவுடன் விழுந்தால் மோட்டார் கசிகிறது. மழை நாளில் மட்டும் விழுந்தால் மொட்டை மாடி லைட்டோ, வாசல் காலிங் பெல்லோ நனைகிறது. எந்த நேரம் என்று இல்லாமல் விழுந்தால் ஒயரிங்கில் தவறு: இரண்டு லைன்களுக்கு ஒரே நியூட்ரல் கொடுத்திருப்பார்கள், இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரல் வேறு எங்கேயோ கலந்திருக்கும், அல்லது எங்கேயோ ஒரு பெட்டியில் நியூட்ரலும் எர்த்தும் தொட்டுக்கொண்டிருக்கும். கண்டுபிடிக்க எல்லா எம்சிபியையும் இறக்கிவிட்டு ஆர்சிசிபியை ஏற்றி, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் இறக்கிய பிறகும் ஆர்சிசிபி மேலே நிற்காமல் விழுந்தால் பெரும்பாலும் நியூட்ரல்–எர்த் கலப்பு. ஏனென்றால் ஒற்றை எம்சிபி பேஸை மட்டும்தான் வெட்டும், நியூட்ரல் அப்படியே சேர்ந்திருக்கும்.

செய்யவே கூடாத சில வித்தைகள்

எர்த் இல்லாத வீட்டில் சாக்கெட்டுக்குள் நியூட்ரலிலிருந்து எர்த் பின்னுக்கு ஒரு துண்டு ஒயர் போட்டுவிடுவார்கள். டெஸ்டரில் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். புயலுக்குப் பிறகு வெளியே நியூட்ரல் ஒயர் மட்டும் அறுந்தால் அல்லது சரிசெய்யும்போது பேஸும் நியூட்ரலும் இடம் மாறினால், அந்தத் துண்டு ஒயர் 230 வோல்ட்டை நேராக மோட்டார் உடம்புக்குக் கொண்டுவந்துவிடும். மோட்டாரில் எந்தக் கோளாறும் இல்லாமலேயே ஆளை அடிக்கும். இதைவிட எர்த் இல்லாமல் இருப்பதே மேல்.

தண்ணீர்ப் பைப்பில் எர்த் ஒயரைச் சுற்றுவது இன்னொன்று. ஜிஐ பைப் காலத்துப் பழக்கம். இன்று பாதிப் பைப் பிவிசி. மண்ணுக்குப் போக வழியில்லாமல் மீதி இருக்கும் இரும்புப் பைப்பிலும் அடி பம்பிலும் கரண்ட் நிற்கும். தொடுகிறவர் பக்கத்துக் குடித்தனக்காரர்.

மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை உடைத்து இரண்டு பின்னாக்குவது பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, செய்யாதீர்கள்.

ஸ்விட்ச்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாதாரண ஸ்விட்ச் ஓர் ஒயரைத்தான் வெட்டும். தவறுதலாக அது நியூட்ரல் பக்கம் வந்துவிட்டால், ஸ்விட்ச்சை நிறுத்திய பிறகும் மோட்டாருக்குள் பேஸ் இருக்கும். அதனால் மோட்டாருக்கு இரண்டு ஒயரையும் சேர்த்து வெட்டும் டபுள் போல் எம்சிபி வையுங்கள். நிறுத்திய பிறகும் டெர்மினல் பெட்டியைத் திறக்க அவசரம் வேண்டாம். மெக்கானிக்குகள் கண்டென்சர் என்று சொல்லும் அந்த உருளை கொஞ்ச நேரம் கரண்ட்டைத் தேக்கி வைத்திருக்கும்.

ஒயரும் இடமும்

ஒரு எச்பி மோட்டாருக்கு 2.5 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயர் போடச் சொல்வதற்குக் காரணம் சூடு மட்டுமில்லை. போர்டு இரண்டாம் மாடியில், சம்ப் கீழே, நடுவில் ஒயர் 30 மீட்டர் என்று வையுங்கள். போக வர 60 மீட்டர். ஸ்டார்ட் ஆகும்போது 30 ஆம்பியர் இழுத்தால் 2.5 ஒயரில் சுமார் 13 வோல்ட் வீணாகும்; 1 ஸ்கொயர் எம்எம் ஒயரில் 33 வோல்ட். சாயங்காலம் தெருவுக்கே 200 வோல்ட்தான் வருகிறது என்றால் மோட்டாருக்குக் கிடைப்பது 167. அது உறுமிக்கொண்டு நிற்கும், சுற்றாது, காயில் சூடாகிக் காப்பு போகும். அங்கிருந்து மறுபடி ஷாக் கதை.

மூன்று கோர் கேபிளாக எடுங்கள், எர்த்தும் அதிலேயே வந்துவிடும். நடுவில் ஜாயிண்ட் வேண்டாம். தவிர்க்க முடியாது என்றால் தரையில் இல்லாமல் சுவரில் ஒரு பெட்டிக்குள் போடுங்கள். வெளியில் இருக்கும் ஸ்விட்ச்சுக்கு ஐபி 65 என்று எழுதிய, தூசியும் தண்ணீரும் புகாத பெட்டி கிடைக்கும். எந்த உயரத்தில் வைப்பது? 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் உங்கள் தெருவில் தண்ணீர் எதுவரை நின்றது என்று பழைய ஆட்களுக்குத் தெரியும். அதற்கு ஓரடி மேலே. (மெட்ரோ வாட்டர் குழாயில் நேராக மோட்டார் போட்டு உறிஞ்சுவது சட்டப்படி தவறு, சம்ப்பில் விழுந்த தண்ணீரை மேலே ஏற்றும் மோட்டாரைப் பற்றித்தான் இங்கே பேசுகிறோம்.)

மழைத்தண்ணீர் வந்தால்

கொடுங்கையூர், புளியந்தோப்பு, பெரம்பூர் பக்கம் தண்ணீர் ஏற ஆரம்பித்தால் வீட்டுக்குள் வருவதற்கு முன்பே மெயினை இறக்குங்கள். படிக்கட்டுக்குக் கீழே இருக்கும் மீட்டர் போர்டைத் தண்ணீர் தொட்டுவிட்டால் அதில் நடந்துபோய் மெயினைத் தேடாதீர்கள். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் எண் 94987 94987. தெருவுக்கே நிறுத்தச் சொல்லுங்கள். தெருமுனையில் இருக்கும் ஈபி பில்லர் பெட்டிக்குப் பக்கத்தில் தேங்கிய தண்ணீரிலும் கால் வைக்க வேண்டாம்.

பெரிய ஆபத்து தண்ணீர் வடிந்துகொண்டிருக்கும்போது வருகிறது. வீட்டுக்குள் தேங்கியதை இறைக்க ஒரு மோட்டாரைக் கடன் வாங்கி வருவார்கள், எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தண்ணீருக்குப் பக்கத்தில் வைப்பார்கள், முழங்கால் தண்ணீரில் நின்று பிளக்கைச் செருகுவார்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லாத லைனில் இதைச் செய்யவே கூடாது. சம்ப்புக்குள் இறக்கும் சப்மெர்சிபிளுக்கும் இதே விதிதான்: அது ஓடும்போது சம்ப்பில் கையோ காலோ படக் கூடாது. சம்ப் கழுவ இறங்குவதற்கு முன் பிளக்கையே உருவி வெளியில் போட்டுவிடுங்கள்.

மூழ்கிய மோட்டாரை வெயிலில் காயவைத்துப் போட்டுப் பார்ப்பது வழக்கம். முதலில் அதைக் கழற்றி நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும், இல்லையென்றால் சாக்கடையும் உப்பும் காயிலில் தங்கிவிடும். காய்ந்த பிறகு காப்பை அளக்கும் கருவியான 500 வோல்ட் மெகர் வைத்துக் காயிலுக்கும் உடம்புக்கும் நடுவே பார்க்க வேண்டும். ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் இன்னும் காயவில்லை அல்லது காப்பு போய்விட்டது.

யாராவது மாட்டிக்கொண்டால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், நீங்களும் மாட்டிக்கொள்வீர்கள். முதலில் மெயினை இறக்குங்கள். முடியாதபோது காய்ந்த கட்டையாலோ பிளாஸ்டிக் நாற்காலியாலோ தள்ளிவிடுங்கள். பிறகு 108. மூச்சு இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, சுமார் ஐந்து சென்டிமீட்டர் இறங்கும்படி, ஆம்புலன்ஸ் வரும்வரை அழுத்த வேண்டும்.

வீட்டில் நீச்சல் குளம் என்றால்

வடசென்னையில் குளம் கட்டிய வீடுகள் குறைவு. ஆனால் மே மாதம் மொட்டை மாடியில் பிள்ளைகளுக்காகக் காற்றடிக்கும் பிளாஸ்டிக் குளம் வைக்கிறார்கள், சிலவற்றோடு குட்டி ஃபில்டர் பம்பும் வருகிறது. தண்ணீரில் ஆள் இருக்கும்போது பம்ப் ஓடக் கூடாது. பிளக்கை உருவிய பிறகுதான் பிள்ளைகள் இறங்க வேண்டும்.

கட்டிய குளத்துக்குக் கண்டிப்பு இன்னும் அதிகம். உடம்பு முழுக்கத் தண்ணீரில் இருக்கும்போது தோலின் தடை ஏறத்தாழ இல்லாமல் போய்விடுகிறது. கொல்லும் அளவுக்குக் கூட வேண்டாம், தசை இறுகி நீந்த முடியாமல் போனாலே மூழ்கிவிடுவார்கள். அதனால் மின் வேலைக்கான சர்வதேசத் தரமான ஐஇசி 60364-இன் 702-ஆம் பகுதி குளத்தைச் சுற்றி எல்லை போடுகிறது: தண்ணீர் இருக்கும் இடம் ஒன்று, விளிம்பிலிருந்து 2 மீட்டர் வரை அடுத்தது, அதிலிருந்து இன்னும் 1.5 மீட்டர் மூன்றாவது. தண்ணீருக்குள் எரியும் விளக்கு 12 வோல்ட் ஏசிக்கு மேல் போகக் கூடாது, அதன் டிரான்ஸ்ஃபார்மர் எல்லைக்கு வெளியே இருக்க வேண்டும். பம்ப்பையும் மூன்றரை மீட்டருக்கு அப்பால், தனி அறையில், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியோடு வைப்பது நல்லது.

குளத்துக்கென்று கூடுதலாக ஒன்று உண்டு: பாண்டிங். இரும்பு ஏணி, கான்கிரீட் கம்பி, பம்ப் உடம்பு, கைப்பிடி எல்லாவற்றையும் செம்பு ஒயரால் ஒன்றோடொன்று இணைத்துவிடுவார்கள். இரண்டு இடங்களுக்கு நடுவே வோல்ட் வித்தியாசம் இருந்தால்தான் ஷாக். எல்லாம் ஒரே வோல்ட்டில் இருந்தால் ஒரு கை ஏணியிலும் கால் தண்ணீரிலும் இருப்பவர் வழியாகப் பாய எதுவும் இல்லை.

எலக்ட்ரீஷியன் வரும்போது

வயர்மேன் லைசென்ஸ் உள்ளவரைக் கூப்பிடுங்கள். எர்த் நன்றாக இருக்கிறதா என்று கேட்டால் பலர் பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 100 வாட்ஸ் குண்டு பல்பைப் போட்டுக் காட்டுவார்கள். பல்பு பளிச்சென்று எரியும். அதை நம்ப வேண்டாம். அந்தப் பல்பின் தடையே சுமார் 529 ஓம். எர்த் 50 ஓமாக இருந்தாலும் அதற்கு 210 வோல்ட் கிடைத்துவிடும், வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. எர்த் ஒயர் அறுந்துபோகவில்லை என்பதை மட்டும்தான் பல்பு சொல்லும். ஆர்சிசிபி இருக்கும் லைன் என்றால் பல்பு எரிவதற்குள் அது விழுந்துவிடும், அது நல்ல செய்தி. டெஸ்டரின் சின்ன விளக்கும் இதே மாதிரிதான், எரிந்தாலும் எரியாவிட்டாலும் முடிவுக்கு வர முடியாது.

கேட்க வேண்டியது இரண்டு அளவு: எர்த் டெஸ்டரில் குழி எத்தனை ஓம், மெகரில் மோட்டார் எத்தனை மெகா ஓம். இரண்டையும் தேதியோடு போர்டு மூடியின் உள்பக்கம் மார்க்கரால் எழுதச் சொல்லுங்கள். அடுத்த வருஷம் ஐப்பசி மழைக்கு முன்னால் மறுபடி அளந்து பக்கத்திலேயே எழுதினால், எது இறங்குகிறது, எது ஏறுகிறது என்று தெரிந்துவிடும்.